கரிசல் வட்டாரப் பெண்கள்: உழைப்பும் எதிர்ப்பும்

கரிசல் வட்டாரம் என்பது தமிழ்நாட்டின் தென்பகுதியில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கழுகுமலை, சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களைச் சுற்றி அமைந்துள்ள கருமண் மானாவாரி நிலப்பகுதியைக் குறிக்கும். இப்பகுதியின் பெண்கள் புஞ்சைக் காட்டிலும் தீப்பெட்டித் தொழிற்கூடத்திலும் ஆண்களுக்கு நிகராகவும், பல வேளைகளில் அவர்களைவிடக் கூடுதலாகவும் உழைத்து வந்துள்ளனர். ஆனால் நிலம், வீடு, மணம், சாதிக் கட்டுப்பாடு, ஊர்க்கூட்டம் ஆகியவற்றில் முடிவெடுக்கும் உரிமை நீண்டகாலமாக ஆண்களிடமே இருந்து வந்தது. உழைப்பில் பெரும்பங்கும் உரிமையில் சிறுபங்கும் என்னும் இந்த முரண்பாடே இவ்வட்டாரப் பெண்களின் வரலாற்றைப் புரிந்துகொள்ளத் திறவுகோலாக அமைகிறது.

ஆணாதிக்கச் சமூகம் என்பது சொத்து, குடும்பத் தலைமை, பொது அதிகாரம் ஆகியன ஆண்வழியே கைமாறும் சமூக அமைப்பாகும். இத்தகைய அமைப்பில் பெண்களின் எதிர்ப்பு எப்போதும் வெளிப்படையான போராட்டமாக இருப்பதில்லை. துறவு, பாட்டு, ஒப்பாரி, சாமியாட்டம், கணவன் வீட்டை விட்டு வெளியேறுதல், சிறுவாடு சேர்த்தல், நீதிமன்ற வழக்கு, எழுத்து எனப் பல வடிவங்களை அது எடுத்துள்ளது. கரிசல் வட்டாரத்தில் இவ்வடிவங்கள் பலவற்றுக்கும் சான்றுகள் கிடைக்கின்றன.

நிலமும் வேலைப் பிரிவினையும்

கோவில்பட்டிப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 700 மி.மீ. அளவிலேயே மழை பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. ஆற்றுப்பாசனம் இல்லாத இந்நிலத்தில் பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, மிளகாய், கொத்தமல்லி ஆகியன விளைகின்றன. மழையை நம்பிய இந்த வேளாண்மையை ஆராய்வதற்கென 1901இல் கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

மானாவாரி வேளாண்மையில் வேலைகள் குறுகிய காலத்துக்குள் குவியும். ஈரம் காயும் முன் விதைக்க வேண்டும். களை முந்துவதற்குள் களையெடுக்க வேண்டும். பருத்தி வெடித்துக் காற்றில் பறக்கும் முன் எடுத்தாக வேண்டும். ஆகவே குடும்பத்தின் எல்லாக் கைகளும் காட்டுக்குத் தேவைப்பட்டன. உழவும் விதைப்பும் ஆண்களின் வேலை எனவும், களையெடுப்பு, பருத்தியெடுப்பு, கதிர் அறுப்பு, தானியம் புடைத்தல் ஆகியவை பெண்களின் வேலை எனவும் பிரிக்கப்பட்டன. ஏரைப் பெண் தொடக்கூடாது என்ற நம்பிக்கை பல ஊர்களில் இருந்தது. ஏர் பிடிப்பவரே சம்சாரி. நிலம் அவர் பெயரில்தான் இருக்கும். எனவே இந்த விலக்கு ஒரு சடங்கு நம்பிக்கையாக மட்டும் நிற்கவில்லை. நிலத்தின் மீதான உரிமையிலிருந்து பெண்ணைத் தள்ளி வைக்கும் வேலையையும் அது செய்தது.

பிறர் காட்டில் வேலை செய்த பெண்களுக்குக் கூலி பெரும்பாலும் பொருளாகவே கிடைத்தது. பருத்தி எடுத்தவர்களுக்கு அவர்கள் எடுத்த பருத்தியிலேயே ஒரு பங்கு அளிக்கும் வழக்கம் இருந்தது. அதைக் கடையில் போட்டுப் பண்டமாகவோ காசாகவோ மாற்றிக்கொள்வர். பெண்கள் தம் கையில் தனியே சேர்த்து வைத்த இத்தகைய சிறு வரவு ‘சிறுவாடு’ எனப்பட்டது. கணவனின் கணக்கில் வராத இந்தச் சேமிப்பு, பிள்ளைக்கு நோய் வந்தபோதும் மகள் பிரசவத்துக்கு வந்தபோதும் பெண்ணுக்குக் கைகொடுத்தது.

குடும்பம் பிழைக்க வேண்டியிருந்ததால் கரிசல் பெண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கவில்லை. வயலுக்கும் சந்தைக்கும் கிணற்றுக்கும் தனியே நடந்தனர். ஆயினும் வெளியே நடமாடும் வாய்ப்பைச் சொத்துரிமையாகவோ ஊர் நிர்வாகத்தில் குரலாகவோ மாற்றிக்கொள்ள அவர்களால் இயலவில்லை.

கழுகுமலைக் குரத்தியர்

கோவில்பட்டிக்கு மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள கழுகுமலை, முற்காலப் பாண்டியர் காலத்தில் சிறந்து விளங்கிய சமணத் தலமாகும். கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் உருவங்களும் அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இம்மலைப் பாறையில் காணப்படுகின்றன. இக்கல்வெட்டுகளில் ‘குரத்தி’ என்ற சொல் பலமுறை வருகிறது. குரவர் என்பதன் பெண்பாற் சொல்லான இது, பெண் ஆசிரியரைக் குறிக்கும். மிழலூர்க் குரத்தியார், திருச்சாரணத்துக் குரத்திகள், சங்கக் குரத்திகள் முதலியோர் இங்குக் குறிப்பிடப்படுகின்றனர்.

திகம்பர சமண மரபு பெண் பிறவியிலேயே வீடுபேறு அடைய இயலாது என்று கொண்டது. அத்தகைய கொள்கை நிலவிய சூழலிலும் பெண்கள் துறவு பூண்டு, மாணாக்கரைக் கொண்டு, மலையில் திருமேனி செதுக்குவித்துள்ளனர். தொண்டை நாட்டில் வேடால் என்னும் ஊரில் உள்ள 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியரையும் அவருடைய மாணாக்கியரையும் பற்றிப் பேசுகிறது. அவர்களைக் காத்து உணவளிக்கும் பொறுப்பை அவ்வூரார் ஏற்றுக்கொண்டனர். ஆகவே குரத்தியர் கழுகுமலையில் மட்டும் காணப்பட்ட விதிவிலக்கு ஆகார். தமிழ்நாடெங்கும் அறியப்பட்ட ஒரு நிலையை அவர்கள் பெற்றிருந்தனர்.

துறவு, மணத்துக்கும் மகப்பேற்றுக்கும் வெளியே பெண்ணுக்குத் திறந்திருந்த மிகச் சில வழிகளில் ஒன்றாக இருந்தது. கல்வி கற்கவும் கற்பிக்கவும் அது இடம் கொடுத்தது. எனினும் இக்குரத்தியருட் பலர் தம் இயற்பெயரால் அன்றி ஊர்ப்பெயராலேயே கல்வெட்டில் அறியப்படுகின்றனர். சமணம் இப்பகுதியில் நலிந்தபின் குரத்தி என்ற சொல்லும் வழக்கிலிருந்து மறைந்தது.

பாஞ்சாலங்குறிச்சிப் போரில் ஒரு தாய்

வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். சிறையிலிருந்து தப்பிய அவருடைய தம்பி ஊமைத்துரை, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801இல் மீண்டும் கட்டினார். அதே ஆண்டு மே 24 அன்று கும்பினிப் படை அக்கோட்டையைக் கைப்பற்றியது. இப்போரில் பங்கேற்ற ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியான தம் நினைவுக்குறிப்பில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார்.

போர் முடிந்தபின் ஒரு பெண் தன் மகனைத் தேடிக்கொண்டு களத்துக்கு வந்தாள். குற்றுயிராகக் கிடந்த மகன், தன்னை விட்டுவிட்டு அருகில் காயமுற்றுக் கிடந்த ஊமைத்துரையைக் காப்பாற்றுமாறு வேண்டினான். அவளும் உடன் வந்த பெண்களும் ஊமைத்துரையைத் தூக்கித் தம் ஊருக்குக் கொண்டு சென்றனர். கும்பினியின் பக்கம் நின்ற எட்டயபுரம் படையினர் தேடி வந்தபோது, அவரைத் துணியால் மூடிச் சுற்றி அமர்ந்து ஒப்பாரி வைத்தனர். பெரியம்மையால் இறந்த பிள்ளை என்று கூறினர். தொற்றுக்கு அஞ்சிய படையினர் அகன்றனர். உயிர் பிழைத்த ஊமைத்துரை பின்னர் மருது சகோதரர்களுடன் சேர்ந்து போரிட்டு, அவ்வாண்டு நவம்பரில் தூக்கிலிடப்பட்டார்.

இங்குப் பெண்கள் பயன்படுத்திய கருவி ஒப்பாரியும் அம்மை பற்றிய அச்சமும் ஆகும். இழவு வீட்டில் அழுவது பெண்களின் வேலை என்று சமூகம் ஒதுக்கியிருந்தது. அந்த வேலையையே அவர்கள் படைக்கெதிரான தந்திரமாக மாற்றினர். சிவகங்கையின் வேலு நாச்சியார் 1780இல் தம் நாட்டை மீட்ட அரசியாக வரலாற்றில் பெயர் பெற்றார். ஊமைத்துரையைக் காத்த தாயின் பெயரோ வெல்ஷின் குறிப்பில் இல்லை.

மணம், மறுமணம், சொத்து

கரிசல் வட்டாரத்தின் பல சாதிகளில் கைம்பெண்ணும் கணவனைப் பிரிந்த பெண்ணும் மறுமணம் செய்துகொள்ளும் வழக்கம் இருந்தது. இது ‘அறுத்துக்கட்டுதல்’ எனப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் உறவைத் ‘தீர்த்துக்கொள்ளும்’ முறையும் இருந்தது. உழைக்கும் குடும்பங்களில் பெண்ணின் உழைப்பு இன்றியமையாததாக இருந்தமையால், அவளை வாழ்நாள் முழுதும் கைம்மை நோன்பில் நிறுத்துவது இயலாததாக இருந்தது. நிலமும் செல்வமும் சேர்ந்த குடும்பங்கள் சமூகத் தகுதியை உயர்த்திக்கொள்ள முயன்றபோது, மறுமணத்தைக் கைவிட்டதும் பெண்களைக் காட்டு வேலையிலிருந்து நிறுத்தியதும் உண்டு. ‘அறுத்துக்கட்டாத’ நிலை மேன்மையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. இவ்வாறு குடும்பம் பெற்ற உயர்வே பெண்ணுக்கு இழப்பாக முடிந்தது.

சொத்தைப் பொறுத்தவரை, பெண்ணுக்குரிய பங்கு நகையாகவும் சீராகவும் மண நாளிலேயே முடிந்துவிட்டதாகக் கருதப்பட்டது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்குப் பங்கு அளித்தது. தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்த திருத்தம், கூட்டுக்குடும்பச் சொத்திலும் மகன்களுக்குச் சமமான உரிமையை மகள்களுக்கு வழங்கியது. இந்திய அளவில் இது 2005இல் சட்டமாயிற்று. ஆயினும் சகோதரர்களுக்குச் சாதகமாகப் பெண்கள் ‘விடுதலைப் பத்திரம்’ எழுதிக் கொடுக்கும் வழக்கம் தொடர்கிறது. பங்கு கேட்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டு உறவு அறுந்துபோகும் என்ற அச்சம் இதற்குக் காரணமாகும். தாய்மாமன் சீர், பொங்கல் சீர், வளைகாப்பு, காதுகுத்து என வாழ்நாள் முழுதும் அண்ணன் தம்பியை நம்பியிருக்கும் பெண், ஒரு குறுக்கம் கரிசல் நிலத்துக்காக அந்த ஆதரவை இழக்கத் துணிவதில்லை. சட்டம் தந்த உரிமையை உறவு விலைக்கு வாங்கிவிடுகிறது.

தெய்வமாக்கப்பட்ட பெண்கள்

இவ்வட்டாரத்தின் சிறுதெய்வங்களில் கணிசமானவை பெண் தெய்வங்கள் ஆகும். சீலைக்காரி அம்மன், தீப்பாய்ந்த அம்மன், வீட்டுக் கன்னி என அவை வழங்கப்படுகின்றன. பல தெய்வங்களின் பிறப்புக் கதையில் ஒரு பெண்ணின் அகால மரணம் இருக்கிறது. சாதி கடந்து காதலித்ததற்காகச் சொந்தக் குடும்பத்தாரால் கொல்லப்பட்டவர், பொய்ப்பழி தாங்காமல் கிணற்றில் விழுந்தவர், கணவனின் சிதையில் ஏறியவர் அல்லது ஏற்றப்பட்டவர் ஆகியோர் பின்னாளில் குடும்பத்தின் காவல் தெய்வமாயினர். எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் ‘சாமிகளின் பிறப்பும் இறப்பும்’ என்னும் நூலில் இத்தகைய தெய்வங்களைப் பற்றி எழுதியுள்ளார்.

கொலையுண்டவளின் ஆவி பழிவாங்கும் என்ற அச்சமே வழிபாட்டுக்கு அடிப்படை. ஆண்டுதோறும் அவளுக்குச் சேலை வைத்து, வளையலும் பூவும் படைக்கின்றனர். இதனை இருவகையாக விளங்கிக்கொள்ளலாம். ஒன்று, வழிபாடு கொலையை மறைக்கிறது. குற்றவாளிகளின் வழிவந்தவர்களே பூசை செய்வோர் ஆகின்றனர். மற்றொன்று, வழிபாடு கொலையை மறக்கவிடாமல் வைத்திருக்கிறது. நீதிமன்றப் பதிவு எதிலும் இல்லாத குற்றம் ஒன்று, தலைமுறை தலைமுறையாகக் கொடை நாளில் நினைவுகூரப்படுகிறது. இரண்டுமே உண்மை என்பதே இவ்வழிபாட்டின் தன்மை.

சாமியாடுதலும் பேய்பிடித்தலும் இதனோடு தொடர்புடையவை. வழக்கமாக ஊரார் முன் வாய் திறக்காத பெண், அருள் வந்த நிலையில் மாமியாரையும் கணவனையும் ஊர்ப் பெரியவரையும் பெயர் சொல்லி ஏசலாம். அப்போது அவள் சொல்லுக்குத் தண்டனை இல்லை. ஆனால் அது சாமியின் சொல்லாகவோ பேயின் சொல்லாகவோ கொள்ளப்படுமே தவிர, அவளுடைய சொல்லாகக் கொள்ளப்படுவதில்லை. ஒப்பாரியிலும் இதே சலுகை உண்டு. இறந்தவரை முன்னிட்டுப் பாடும் பெண், தன் வாழ்க்கைக் குறையையும் சேர்த்தே பாடிவிடுகிறாள்.

எட்டயபுரமும் பெண் விடுதலைச் சிந்தனையும்

தமிழில் பெண் விடுதலையை உரத்துப் பேசிய சுப்பிரமணிய பாரதி, 1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் பிறந்தார். அக்கால வழக்கப்படி 1897இல் அவருக்கு மணம் நடந்தபோது அவருக்கு வயது 14, செல்லம்மாளுக்கு வயது 7. பெண்ணின் குறைந்தபட்ச மண வயதை 14 என வரையறுத்த சாரதா சட்டம் இதற்கு 32 ஆண்டுகள் கழித்து, 1929இல்தான் வந்தது.

1905இல் சென்னையில் பெண்களுக்கான ‘சக்கரவர்த்தினி’ மாத இதழின் ஆசிரியரானார் பாரதி. 1906ஆம் ஆண்டளவில் சகோதரி நிவேதிதையைச் சந்தித்தது பெண்கள் பற்றிய அவர் எண்ணத்தில் திருப்புமுனையாக அமைந்தது. தம் கவிதை நூல்களை அவர் நிவேதிதைக்குக் காணிக்கையாக்கினார். பாரதி 1921இல் மறைந்தபின், ‘பாரதி ஆச்ரமம்’ என்னும் பெயரில் அவருடைய படைப்புகளை நூலாக்கும் பணியில் செல்லம்மாள் ஈடுபட்டார். பள்ளிக்குச் செல்லும் வயதில் மனைவியான ஒருவர், கைம்மைக்குப் பின் பதிப்பாளராக முன்வந்தது குறிப்பிடத்தக்கது.

தீப்பெட்டி ஆபீஸ்

1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். மறு ஆண்டு தொடங்கிய இத்தொழில் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் எனப் பரவியது. வறண்ட காற்று குச்சியும் மருந்தும் காய ஏற்றதாக இருந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் காட்டு வேலை இல்லாமல் போன குடும்பங்கள் மலிவான உழைப்பைத் தந்தன. இயந்திரமின்றிக் கையால் செய்யும் சிறு ஆலைகளுக்கு அரசு உற்பத்தி வரியில் சலுகை அளித்தது. எனவே ஆலையைப் பெரிதாக்குவதைவிட, அதிகக் கைகளைக் கொண்டு சிறு ஆலைகளாக நடத்துவதே இலாபமாயிற்று.

அந்தக் கைகளில் மிகப் பெரும்பாலானவை பெண்களுடையவை. வட்டார வழக்கில் தீப்பெட்டி ஆலை ‘தீப்பெட்டி ஆபீஸ்’ எனப்படும். கட்டை அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், தாள் ஒட்டுதல், குச்சிகளைப் பெட்டிக்குள் அடைத்தல் ஆகியவை பெண்களின் வேலைகள். மருந்து கலக்குதல், குச்சியை மருந்தில் முக்குதல், கணக்கு, மேற்பார்வை ஆகியன பெரும்பாலும் ஆண்களுடையவை. பெண்களுக்கு நாள் கூலி இல்லை. அடுக்கிய கட்டைக்கும் ஒட்டிய பெட்டிக்கும் எண்ணிக்கை அடிப்படையில் கூலி. பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்கும் கொடுத்தனுப்பப்பட்டது. சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையே செய்யப்பட்டதால், அது வேலையாகவே கணக்கில் வராமல் போயிற்று.

பெண்களின் விரல் மென்மையானது, வேகமானது. அதனால் இவ்வேலை அவர்களுக்கே பொருந்தும் என்று ஒரு காரணம் சொல்லப்படுவதுண்டு. அதே விரல்கள்தான் பருத்தி எடுத்தும் களை வெட்டியும் காய்த்திருந்தன. குறைந்த கூலிக்கு உடன்படும் நிலையும், வேறு வேலை இன்மையும், வீட்டை விட்டுத் தொலைவு செல்ல முடியாமையுமே உண்மையான காரணங்கள் ஆகும்.

இலண்டன் தீப்பெட்டிப் பெண்கள்

உலகத் தொழிலாளர் வரலாற்றில் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டும் தீப்பெட்டி ஆலையில்தான் நிகழ்ந்தது. 1888 ஜூலையில் இலண்டனில் பிரையன்ட் அண்டு மே ஆலையின் பெண்களும் சிறுமியருமாகச் சுமார் 1,400 பேர் வேலையை நிறுத்தினர். அபராதப் பிடித்தமும், தாடை எலும்பை அரித்துத் தின்னும் வெண் பாஸ்பரசின் நச்சும் அவர்களுடைய குறைகளில் முதன்மையானவை. அவ்வாலையின் நிலைமையை இதழில் எழுதி வெளிக்கொணர்ந்தவர் அன்னி பெசன்ட். வேலைநிறுத்தம் வென்றது, பெண்கள் சங்கம் அமைத்தனர். பின்னாளில் சென்னைக்கு வந்த அன்னி பெசன்ட், 1917இல் அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் முதல் தலைவரானார். இந்தியாவில் வெண் பாஸ்பரசுத் தீப்பெட்டிகள் 1913ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டன. ஆகவே கரிசல் பெண்கள் அந்த நச்சுக்கு ஆளாகவில்லை. தீ விபத்தும் மருந்துத் தூசியும் நாள்முழுதும் குனிந்து அமரும் வேலையின் முதுகுவலியும் அவர்களுக்கு எஞ்சின.

இலண்டனில் ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கானோர் கூடியிருந்தமை சங்கம் அமைக்க உதவியது. கரிசலில் வேலை பல நூறு சிறு ஆலைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் சிதறிக் கிடந்தது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தொழிலாளியைக் கட்டிப்போட்டது. ஆலைக்காரர், கங்காணி, தொழிலாளி ஆகியோர் ஒரே ஊராராகவும் சில வேளை உறவினராகவும் இருந்தனர். கூட்டாகக் கூலி கேட்பதற்கு இவை எல்லாம் தடையாயின.

சிறுமியரின் உழைப்பு

தீப்பெட்டித் தொழிலின் இருண்ட பக்கம் குழந்தை உழைப்பாகும். 1970, 80களில் விடியும் முன்பே ஆலை வண்டிகள் ஊர் ஊராகச் சென்று குழந்தைகளை ஏற்றி வந்தன. அவர்களுள் பெரும்பாலோர் சிறுமியர். ஒரே வீட்டில் மகன் பள்ளிக்கும் மகள் ஆபீசுக்கும் போவது இயல்பாகக் கொள்ளப்பட்டது. மகளின் கூலி குடும்பச் செலவுக்கும், அவளுடைய நகைக்கும், தம்பியின் படிப்புக்கும் சென்றது. வறுமை எல்லாக் குழந்தைகளையும் தாக்கியது. எந்தக் குழந்தை வேலைக்குப் போவது என்ற தேர்வை மட்டும் ஆணாதிக்கம் செய்தது.

1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சலம் பென்னூர்கர் இயக்கிய ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ (1990) என்னும் ஆவணப்படம் இந்நிலையை வெளியுலகுக்குக் காட்டியது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் வீதம் முதலாளி நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என அது ஆணையிட்டது. வழக்கும் சிறப்புப் பள்ளிகளும் சத்துணவும் ஆய்வு நடவடிக்கைகளும் சேர்ந்து, வண்டியில் ஏறிய சிறுமியரைப் படிப்படியாக வகுப்பறைக்குக் கொண்டு வந்தன. இதில் தாய்மாரின் பங்கு பெரிது. கட்டை அடுக்கி வளர்ந்த தலைமுறை, தன் மகள் அதைச் செய்யக்கூடாது என்று முடிவு செய்தது.

கரிசல் இலக்கியத்தில் பெண்கள்

கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் இலக்கியத்தின் முன்னோடியாவார். அவருடைய ‘கோபல்ல கிராமம்’ (1976) நாவலில், ஊரின் தொடக்க வரலாற்றைச் சொல்பவர் மங்கத்தாயார் அம்மாள் என்னும் மூதாட்டி. ஆட்சியாளரின் கண்ணில் பட்ட சென்னாதேவி என்னும் பெண்ணைக் காக்க ஒரு குடும்பமே தெற்கு நோக்கி ஓடி வருவது அவ்வரலாற்றின் மையம். ‘கிடை’ குறுநாவலில் மேல்சாதி இளைஞன் எல்லப்பனை நம்பிய தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் செவனிக்குப் பேயோட்டப்படுகிறது. அவனுக்கோ திருமணம் நடக்கிறது. இது 2003இல் அம்ஷன் குமார் இயக்கத்தில் ‘ஒருத்தி’ என்னும் திரைப்படமாயிற்று. ‘கன்னிமை’ சிறுகதையில், அள்ளிக் கொடுக்கும் கையாக இருந்த நாச்சியாரம்மா மணத்துக்குப் பின் கணக்குப் பார்க்கும் இல்லத்தரசியாக மாறுகிறாள். இக்கதையை அவளுடைய அண்ணனும் கணவனும் சொல்கின்றனர், அவள் சொல்வதில்லை.

பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ திரைப்படம் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பப்படும் குழந்தைகளின் வாழ்வைக் காட்டியது. விருதுநகர் மாவட்டம் புதுப்பட்டியில் பிறந்த பாமாவின் ‘கருக்கு’ (1992), ‘சங்கதி’ (1994) ஆகிய நூல்கள் பெண்களின் பக்கமிருந்து எழுதப்பட்டவை. தலித் பெண் வயலிலும் தீப்பெட்டி ஆலையிலும் சாதியாலும், வீட்டில் ஆணாலும் ஒடுக்கப்படுவதையும், அவள் தன் வாய்த்துடுக்காலும் சிரிப்பாலும் பாட்டாலும் அதை எதிர்கொள்வதையும் ‘சங்கதி’ பேசுகிறது. ஆண் எழுத்தாளர்கள் பரிவோடு சொன்ன வாழ்வை, அதை வாழ்ந்தவர்களே சொல்லத் தொடங்கியதை இந்நூல்கள் குறிக்கின்றன.

தற்கால நிலை

தீப்பெட்டித் தொழில் இன்று சுருங்கி வருகிறது. முழு இயந்திர ஆலைகளும் நெகிழி லைட்டர்களும் கைவேலையைக் குறைத்துள்ளன. 2021 டிசம்பரில் தீப்பெட்டியின் விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாயாக உயர்ந்தது. 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதியை 2023இல் ஒன்றிய அரசு தடை செய்தது. இயந்திரம் வரும்போது முதலில் மறைவது கட்டை அடுக்குதல், பெட்டி அடைத்தல் போன்ற பெண்களின் வேலைகளே. கடுமையான அவ்வேலை ஒழிவது நன்மை. அதற்கு ஈடான வேலை உள்ளூரில் இல்லாமை சிக்கல். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய்த் தொழிலிலும், ஊரக வேலை உறுதித் திட்டத்திலும் பெண்களே பெருமளவில் உழைக்கின்றனர். தென்மாவட்ட வறண்ட ஊர்களிலிருந்து இளம்பெண்கள் மேற்கு மாவட்ட நூற்பாலைகளுக்கும் சென்றனர். மூன்றாண்டு முடிவில் திருமணத்துக்கு மொத்தத் தொகை தரப்படும் என்ற ‘சுமங்கலி’ முறை, இடையில் விலகினால் அத்தொகையை இழக்கச் செய்ததால் கண்டனத்துக்கு உள்ளானது.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பெண்களுக்கு வங்கிக் கணக்கையும் கூடிப் பேசும் இடத்தையும் தந்தன. அதே குழுக்களின் வழியே வந்த நுண்கடன், வாராவாரம் தவணை கட்டும் சுமையையும் தந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்கான இடஒதுக்கீடு 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்காக நடைமுறைக்கு வந்து, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் 50 விழுக்காடாக உயர்ந்தது. ஊர்க்கூட்டத்தில் ஓரமாக நின்ற பெண் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். சில ஊர்களில் கணவர்களே அந்த நாற்காலியின் அதிகாரத்தைச் செலுத்துகின்றனர் என்ற குறைபாடும் உள்ளது.

மதிப்பீடு

கரிசல் வட்டாரத்தின் வரலாறு இரண்டு பொதுக் கருத்துகளைத் திருத்திக்கொள்ள உதவுகிறது. முதலாவது, வேலைக்குப் போனால் பெண் விடுதலை பெறுவாள் என்பது. இங்குப் பெண்கள் எப்போதும் வேலை செய்தே வந்துள்ளனர். கூலி யார் கையில் சேருகிறது, நிலம் யார் பெயரில் இருக்கிறது, மகளைப் பற்றி யார் முடிவெடுக்கிறார் என்பவையே விடுதலையைத் தீர்மானித்தன. இரண்டாவது, பழங்காலப் பெண்கள் எதிர்க்கவில்லை என்பது. குரத்தியர் துறவாலும், பாஞ்சாலங்குறிச்சித் தாய் ஒப்பாரியாலும், உழைக்கும் பெண்கள் சிறுவாட்டாலும் தமக்குக் கிடைத்த சிறு இடத்தை விரித்துள்ளனர்.

இவ்வெதிர்ப்புகளுக்கு எல்லை உண்டு. சாமியாடிச் சொன்ன குறை மறுநாள் மறக்கப்பட்டது. சிறுவாடு அவசரத்துக்கு உதவியதே தவிர நிலம் வாங்கப் போதவில்லை. நிலையான மாற்றம் பெண்களின் துணிவும் சட்டமும் பள்ளியும் ஒன்றுசேர்ந்தபோதே நிகழ்ந்தது. தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் சென்ற சிறுமியரின் பேத்திகள் இன்று பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்வது அதற்குச் சான்று. பிறந்த வீட்டு நிலத்தில் பங்கு கேட்கும் பெண்ணை ஊர் இன்னும் குறைசொல்வது, எஞ்சியிருக்கும் பணிக்குச் சான்று.